நூலுக்குள் நின்ற கோரை

சந்தேகம் என்னோடு கூடப் பிறந்தது. மீன்காரர் தராசைத் தூக்கினால் என் கண் மீனில் நிற்காது, முள்ளில்தான் நிற்கும். கணிதம் படித்த பிறகு அந்தக் குணத்துக்கு ஒரு மரியாதையும் வந்துவிட்டது.

முதுமாணிப் பட்டத்துக்கான என் ஆய்வு இரண்டு களைகளைப் பற்றியது. ஒன்று கோழிச்சூடன், நெல்லைப் போல நிமிர்ந்து வளரும் புல். மற்றது குட்டையான கோரை. ஒரே நிலத்தில், ஒரே வெயிலுக்கும் தண்ணீருக்கும் அடித்துக்கொள்ளும் இந்த இரண்டும் சேர்ந்து வாழுமா, அல்லது ஒன்று மற்றதை ஒழித்துவிடுமா? இதற்கான சமன்பாடு பழையது. ஒவ்வொரு இனமும் அடுத்த இனத்தைவிடத் தன் இனத்தையே கூடுதலாக நெருக்கினால் இரண்டும் பிழைக்கும். இல்லாவிட்டால் ஒன்றுக்குத்தான் இடம். கல்முனையில் எங்கள் வீட்டு மேல்தட்டில், வெற்றுப் பெயின்ற் வாளிகளில் இரண்டையும் சேர்த்து வளர்த்துப் பார்த்தேன். எல்லா வாளியிலும் கோழிச்சூடன்தான் வென்றது. கோரை நிழலில் கிடந்து மஞ்சளாகிச் செத்தது.

வயலிலும் அப்படித்தானா என்று பார்க்க வேண்டும். என் அண்ணன், காக்கா, கல்யாணம் முடித்துப் போன இடம் சம்மாந்துறை. மதினியின் சீதன வயலில், வாய்க்கால் ஓரம் விதைக்காமல் கிடந்த துண்டில், கம்பு நட்டு நைலோன் நூல் கட்டிப் பத்துச் சதுரம் போட்டுத் தந்தார். வெள்ளிக்கிழமை தோறும் எண்ணி, வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக அனுப்புவார். "முதலாவது சதுரம், கோழிச்சூடன் முப்பத்தொண்டு, கோரை நாப்பது. எழுதிட்டியா புள்ள?"

இரண்டு மாதம் போயும் கோரை சாகவில்லை. இரண்டும் ஏறக்குறைய அதே அளவில் நின்றன. என் சமன்பாட்டின்படி அது நடக்கவே கூடாது. என் ஆய்வு மேற்பார்வையாளர் எண்களைப் பார்த்துவிட்டு, "ரொம்ப ஒழுங்கா இருக்கே, யார் எண்ணுறது?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அது போதும். அன்றிரவே பழைய பதிவுகளை எல்லாம் திரும்பக் கேட்டேன். ஒன்றில் பின்னணியில் தேநீர்க் கோப்பைக்குள் கரண்டி சுற்றும் சத்தம். வயலுக்குள் ஏது கரண்டி? இவர் தேநீர்க் கடையில் இருந்துகொண்டு வாயில் வந்ததைச் சொல்கிறார் என்று முடிவு கட்டிவிட்டேன்.

காக்கா யாரென்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுக்காமல் கல்யாணம் இல்லை. வாப்பா மவுத்தாகி, தகப்பன் இல்லாத வீடான பிறகு, கட்டார் நாட்டில் ஏழு வருடம் வெயிலில் நின்று என் வீட்டைக் கட்டினவர் அவர். நான் குடிபுகுந்த பிறகுதான் தனக்குப் பெண் பார்க்கச் சம்மதித்தார். அவர் கட்டின வீட்டின் மேல்தட்டில் நின்றுதான் அவருக்கு அழைப்பு எடுத்தேன்.

"காக்கா, அல்லாவுக்குப் பொதுவாச் சொல்லுங்க. எண்ணித்தான் சொல்றீங்களா?"



"வயல்ல எண்ணி, கடதாசித் துண்டுல எழுதி, கடையில குந்தி உனக்குச் சொன்னன். இனி நீயே வந்து எண்ணு. நான் அந்தப் பக்கம் வரமாட்டன்" என்றார்.

அடுத்த வெள்ளி பஸ் ஏறிப் போனேன். சதுரங்களைச் சுற்றி முள்வேலி. யார் காலும் படாதபடி அவரே போட்டுவிட்டு ஒதுங்கியிருந்தார். அதன் பிறகு நானே எண்ணினேன். வாரத்துக்கு வாரம் கோழிச்சூடன் எழும்பியது, கோரை குறைந்தது. ஆறாவது வாரம் மூன்று சதுரத்தில் கோரையே இல்லை. சமன்பாடு வென்றது. காக்கா பொய்தான் சொல்லியிருக்கிறார் என்று உள்ளுக்குள் ஒரு கெட்ட சந்தோசம் வந்தது.

அந்த வெள்ளி மதினி வரம்பில் புல்லுக்கட்டோடு எதிரே வந்தார். முகம் சரியில்லை.

"ஒங்கட காக்கா வேலி போட்டதிலிருந்து எனக்குப் புல்லுக்கு அரைக்கட்டை தூரம் நடை. பெருநாளைக்குக் குர்பான் குடுக்க நிய்யத்து வெச்ச மாடு, பட்டினி போடேலுமா? முந்தி இதுக்குள்ளதான் வெட்டுற."

"நூலுக்குள்ளயா?"

"ஓம். நூல அறுத்திராத எண்டுதான் அவர் சொன்ன. ஒரு நூல் அறுந்திச்சா, பாருங்க. கோழிச்சூடன மட்டும்தான் வெட்டினன். கோரைய மாடு மோந்தும் பாக்காது."

வரம்பிலேயே குந்திவிட்டேன். வெல்லுகிற புல்லை வாரா வாரம் மதினியின் கத்தி குறைத்திருக்கிறது. அந்த வெளிச்சத்தில் கோரை பிழைத்திருக்கிறது. வெட்டி மிஞ்சியதைக் காக்கா ஒன்று விடாமல் எண்ணியிருக்கிறார். என் சமன்பாட்டில் மாடும் இல்லை, மதினியும் இல்லை. வாளிக்குள் புல்லு வளர்த்த எனக்கு அது தோன்றவில்லை.

நேரே வீட்டுக்குப் போய், "ஏன் காக்கா சொல்லல்ல?" என்று கேட்டேன்.

"புல்லெண்டா வெட்டத்தானே செய்வாங்க. நீ எத்தின எண்டுதானே கேட்டாய்" என்றார். கோபமே இல்லாமல் சொன்னார். நான் அழுதுகொண்டே மாப்புக் கேட்டேன். "அத உடு" என்று தேநீர் ஊற்றச் சொன்னார்.

சமன்பாட்டில் அறுவடைக்கென்று ஓர் உறுப்புச் சேர்த்தேன். காக்கா முன்பு சொன்ன எண்கள் வளைகோட்டில் வந்து பொருந்தின. வேலியைக் கழற்றினோம், மதினி மறுபடி வெட்டுகிறார், காக்கா மறுபடி எண்ணுகிறார்.

ஆனால் இப்போது குரல் பதிவு வருவதில்லை. ஒவ்வொரு சதுரத்துக்கும் ஒரு படம், பக்கத்தில் எண் எழுதிய துண்டு. வெள்ளிக்கிழமை தோறும் பத்துப் படம். தேவையில்லை காக்கா, ஒங்கட வாய்ச்சொல் போதும் என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். "இருக்கட்டும் புள்ள" என்கிறார், அடுத்த வெள்ளியும் அனுப்புகிறார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், முதல் வாரம் அந்தப் படங்களைப் பெருப்பித்து எண்ணிப் பார்த்தேன். பத்தும் சரியாக இருந்தன.