வாசலில் விரித்த சாக்கு

அப்பா விட்டுப்போன பழைய சணல் சாக்கு ஒன்று என்னிடம் இருக்கிறது. எலி கடித்த ஓரத்தை நானே தைத்து வைத்திருக்கிறேன். கொல்லிமலையில், எடப்புளி நாட்டில் எங்கள் ஊர்ப்பக்கம் ஒருவன் விதைச் சாமை கடன் வாங்கினால், நடுவில் மூன்றாவது ஆள் ஒருவர் பொறுப்பு நிற்பார். வாங்கியவன் திருப்பித் தராவிட்டால், பொறுப்பு நின்றவர் தன் கையிலிருந்து எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. காலிச் சாக்கை எடுத்துப்போய் அவன் வாசலில் விரித்து உட்கார வேண்டும், அவ்வளவுதான். பேசக்கூடாது, திட்டக்கூடாது. போகிறவர் வருகிறவர் எல்லாம் பார்த்துக்கொண்டே போவார்கள். பங்காளி ஒருவர் வாசலில் அப்பா அப்படி உட்கார்ந்ததைச் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன். பொழுது சாய்வதற்குள் அந்த வீட்டம்மா முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு வந்து சாக்கில் சாமையைக் கொட்டினார். அதை உரியவரிடம் சேர்த்துவிட்டு வந்துதான் அப்பா சாப்பிட்டார்.

பொறுப்பு நிற்பது என்றால் இதுதான் என்று நினைத்து வளர்ந்தவள் நான். நர்ஸ் படிப்பு முடித்து, மலையிலேயே அரசு ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து, மாதச் சம்பளக்காரியான பிறகும் அந்த நினைப்பு என்னை விட்டுப் போகவில்லை. படித்த முட்டாள் என்று யாராவது சொன்னால் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

அம்மா சாகும்போது தம்பிக்கு நடக்கக்கூடத் தெரியாது. என் இடுப்பில்தான் வளர்ந்தான். சென்ட்ரிங் வேலைக்கு மலை இறங்கியவன் பேளுக்குறிச்சியிலேயே கல்யாணம் கட்டி, அங்கேயே மனையும் வாங்கினான். வீட்டுக் கடனுக்கு வங்கிக்குப் போனபோது, நிரந்தரச் சம்பளம் வாங்கும் ஒருவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். அடுத்த பஸ்ஸில் என்னிடம் வந்துவிட்டான். நான் அப்போது என் ஓட்டுவீட்டைப் பிரித்துத் தளம் போடப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தேன். கணவரும் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளைகளும் இல்லை. ஓய்வு பெற்ற பிறகு ஒழுகாத கூரைக்கடியில் படுக்க வேண்டும் என்பது ஒன்றுதான் எனக்கு ஆசை.

"நீ கையெழுத்து மட்டும் போடுக்கா. பணம் கட்டறது எம்பாடு" என்றான்.

"கட்டலீன்னா உன்ற ஊட்டு வாசல்ல சாக்கு விரிச்சுப் போடுவேன், பாத்துக்க சாமி" என்று சிரித்தேன். அவனும் சிரித்தான்.

வங்கி அதிகாரி நல்ல மனுஷர். "படிச்சுப் பாத்துட்டுப் போடுங்கம்மா" என்று காகிதக் கட்டை என் பக்கம் தள்ளினார். கூடப்பிறந்தவனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தால் அவனைச் சந்தேகப்படுவதாக ஆகிவிடுமே என்று கூச்சமாக இருந்தது. காட்டிய இடத்திலெல்லாம் போட்டேன். அந்தக் கூச்சத்துக்கு நான் கட்டிய அபராதம் கொஞ்சநஞ்சமில்லை.

புதுமனை புகுவிழாவுக்குப் பலாப்பழமும் மிளகும் கட்டிக்கொண்டு போனேன். "இது உன்ற ஊடு மாதிரிக்கா" என்று எல்லார் முன்னாலும் சொன்னான். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தக் கண்ணீரை நினைத்தால் இப்போது எரிச்சலாக வருகிறது.

கொஞ்ச காலம் ஒழுங்காகக் கட்டினான். பிறகு அவன் வாசலில் ஒரு கார் வந்து நின்றது, தவணை நின்றுபோனது. வங்கியிலிருந்து எனக்கு நோட்டீஸ் வந்தது. தம்பியிடம் கேட்டால் "பாத்துக்கலாம்க்கா" என்பான். என் சம்பளக் கணக்கும் அதே வங்கியில்தான். ஒரு மாதம் சம்பளம் ஏறிய அன்றே அவன் தவணை அதிலிருந்து போய்விட்டது. ஓடிப்போய்க் கேட்டேன். "அவர் கட்டலைன்னா நீங்கதாம்மா கட்டணும். ஜாமீன்னா அதுதான்" என்றார் அதே அதிகாரி.

சாக்கை மடித்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். கொண்டை ஊசி வளைவெல்லாம் சுற்றிக் காரவள்ளியில் இறங்கி, அங்கிருந்து வேறு பஸ் பிடித்து, அவன் வாசலில் போய் விரித்து உட்கார்ந்தேன். அன்று பேளுக்குறிச்சியில் சந்தை நாள். போனவர்கள் பார்த்தார்கள்தான். ஆனால் அவர்கள் பார்த்தது வேறு. பை வைத்திருந்த ஒரு அம்மா குனிந்து, "ஏனுங்க, கொல்லிமலை மெளகுங்களா? அதுக்குள்ள வித்துப்போச்சுங்களா?" என்று கேட்டார். நான் பதில் பேசவில்லை, பேசக்கூடாது என்பது முறை. அடுத்து வந்தவர் பலாப்பழம் உண்டா என்று விசாரித்தார்.

மத்தியானம் தம்பி வந்தான். அவன் முகத்தில் ஒரு வெட்கம் வரும் என்று எவ்வளவு ஆசையாகப் பார்த்தேன் தெரியுமா? "எதுக்குக்கா வெயில்ல உக்காந்திருக்கற? உள்ள வந்து காப்பி குடி" என்றான். பிறகு குரலைக்கூடத் தாழ்த்தாமல் சொன்னான்: "உனக்குத்தான் மாசமானா சம்பளம் வருதே. புள்ளையா குட்டியா, யாருக்குக்கா சேக்கற?"

காலிச் சாக்கை மடித்துக்கொண்டு மலையேறினேன். வீட்டை ஏலம் விடுங்கள் என்று வங்கியில் சொல்லியிருக்கலாம். அவன் குழந்தைகளின் முகம் நினைவுக்கு வந்து வாயைக் கட்டிப்போட்டது. இதைப் பாசம் என்கிறார்கள். எனக்கு அதில் மிஞ்சியது ஆத்திரம்தான். சம்பளத்திலிருந்து கட்டினேன். ஓய்வு பெறும்போது கைக்கு வந்த பணத்தைப் போட்டு மீதியையும் அடைத்தேன். பத்திரம் அவன் பெயரில் பத்திரமாக அவன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. நான் அதே ஓட்டுவீட்டில் இருக்கிறேன்.

போன வாரம் விடாத மழை. தம்பி போன் செய்தான். "டிவியில சொல்றாங்க, மலையில பலமான மழையாமா. ஓடு ஒழுகுதாக்கா? ஒழுகினா இங்க வந்துரு. உன்ற ஊடு மாதிரிதான" என்றான். மாதிரி. சரி சாமி என்று சொல்லிப் போனை வைத்தேன். கட்டிலைச் சுவரோரம் தள்ளிவிட்டு, சொட்டுகிற இடத்தில் அப்பாவின் சாக்கை விரித்தேன். அவன் வாசலில் ஒரு மணிகூட விழாத சாக்கு, விடிவதற்குள் என்னால் தூக்க முடியாத அளவுக்குக் கனத்திருந்தது.