இடுப்பளவு தண்ணீரில் நடப்பது

பிரைன்மூர் என்ற வீடியோ கேம் வெளிவந்த வாரத்தில் வீணா ஒரு விமர்சனத்தைக்கூட முழுதாகப் படிக்கவில்லை. மதிப்பெண்ணைப் பார்ப்பாள், முதல் பத்தியைப் படிப்பாள், மூடிவிடுவாள். அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை. வீடு இருக்கும் நீலசந்திராவிலிருந்து வேலைக்குத் தொம்லூர் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தால் தூங்கிப்போவாள்.

தொம்லூரில் அவள் வேலை செய்த ஸ்டூடியோ, வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்காகக் டிவியில் இணைத்து ஆடும் கன்சோல் கேம்களின் சில பகுதிகளைச் செய்து கொடுத்தது. வீணா அங்கே லெவல் டிசைனர். ஆட்டக்காரர் எந்தத் தெருவில் நுழைவார், எங்கே திகைத்து நிற்பார், எந்தக் கதவைத் தட்டுவார் என்பதையெல்லாம் யோசித்து அமைப்பது அவள் வேலை. பிரைன்மூர், கடல் ஏறி மூழ்கிக்கொண்டிருக்கும் ஒரு துறைமுக ஊரின் கதை. ஆட்டக்காரர் அங்கே ஒரு நர்ஸ். ஊரில் மிச்சமிருப்பவர்களை ஒவ்வொருவராக மேட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். மூன்றாம் அத்தியாயம் முழுக்க வீணாவின் கைவேலை. இடுப்பளவு தண்ணீர் நிற்கும் ஒரு கடைத்தெரு.

எல்லாரும் குறை கண்டது அந்தத் தெருவில்தான். நர்ஸ் தண்ணீரில் மெதுவாக நடக்கிறாள், ரொம்ப மெதுவாக. நனைந்த மெத்தையை இழுத்துக்கொண்டு போவதுபோல் இருக்கிறது என்று ஒருவர் எழுதினார். இன்னொருவர் மூன்றாம் அத்தியாயத்தோடு கேமை நிறுத்திவிட்டதாக எழுதி, அதற்கேற்ற மதிப்பெண்ணும் போட்டார்.

அந்த வேகத்தை வைத்தவள் வீணா. ஆரம்பத்தில் எல்லாரும் நர்ஸ் ஓடட்டும் என்றபோது, இடுப்பளவு தண்ணீரில் யாராலும் ஓட முடியாது என்று மீட்டிங்குக்கு மீட்டிங் சண்டை போட்டு ஜெயித்தவள் அவள்தான். இப்போது யாரும் அதைச் சொல்லிக் காட்டவில்லை. ஆனால் எல்லாருக்கும் ஞாபகம் இருந்தது.

பக்கத்து மேஜையில் பாலகுமார். கரூர்க்காரர், ப்ரோகிராமர். விமர்சனம் எழுதியவர்களோடு அவர் வேறு பெயரில் இணையத்தில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"பாருங்க வீணா, இந்தாளு பாதிகூட ஆடலைங்க. முடிவு என்னன்னே தெரியாம எப்படிங்க மார்க் போடலாம்?"

"பாதியில விட்டுட்டாருன்னா, அதுதானே அவரோட விமர்சனம்?"

"கடைசி அத்தியாயம் எவ்வளவு அருமையா வந்திருக்கு!"

"கடைசில நல்லா இருக்கும்னு நம்பி எவ்வளவு நேரம் உக்காருவாங்க பாலகுமார்? அவங்களுக்கு வேற வேலை இல்லையா?"

அவர் முகம் வாடிவிட்டது. "நீங்க நம்ம பக்கமா, அவங்க பக்கமாங்க?"

"தெரியல. எனக்குத் தூக்கம் வருது."

வாரக் கடைசியில் வெளிநாட்டிலிருந்து அழைப்பு வந்தது. சீக்கிரமே ஒரு அப்டேட் வெளியிடப்போகிறார்கள். தண்ணீரில் நடக்கும் வேகத்தைக் கூட்டிவிடுங்கள் என்றார்கள். வீணா திங்கட்கிழமை பதில் சொல்வதாகச் சொன்னாள்.

வீட்டில் நிலைமை வேறு. தம்பி விக்கி சிவாஜிநகரில் ஒரு மொபைல் கடையில் வேலை பார்த்தான். எந்த கேமும் அவனுக்குப் பிடிக்காது. உலகமே கொண்டாடும் கேமை எடுத்து வைத்துக்கொண்டு அதன் கேமரா சரியில்லை, கதை சரியில்லை, சண்டை சரியில்லை என்று கிழிப்பான். ஜோகுபாளையத்திலிருந்து அவன் சிநேகிதன் லாயிட் ஞாயிறுதோறும் வருவான். எதற்கெடுத்தாலும் விக்கிக்கு எதிர்ப்பக்கம் பேசுவது லாயிட்டின் வழக்கம். அப்படிப்பட்ட விக்கி பிரைன்மூரைப் பற்றி ஒரே வார்த்தைதான் சொன்னான்.

"சக்கத்தா கீதுக்கா."

பிரமாதமாக இருக்கிறதாம். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஒரு 'ஆனா' கூட இல்லை. மூன்று நாளில் ஆடி முடித்துவிட்டதாக வேறு சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு ஆனதும் விக்கியும் லாயிட்டும் டிவி முன்னால் உட்கார்ந்தார்கள். வீணா கை துடைத்துக்கொண்டு வந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். திரையில் விக்கியின் ஆட்டம் விட்ட இடத்திலிருந்து திறந்தது. மூன்றாம் அத்தியாயம், கடைத்தெருவின் நடுவில்.

"விக்கி, முடிச்சிட்டேன்னு சொன்னியே."

"முடிச்சிட்டேன்க்கா. இது ரெண்டாவது தடவ."

"கடைசில நர்ஸு எங்க போறா?"

விக்கி லாயிட்டைப் பார்த்தான். லாயிட், தன் கையிலிருந்த கன்ட்ரோலரைப் பார்த்தான்.

"மேட்டுக்கு," என்றான் விக்கி.

"மத்தவங்கதான் மேட்டுக்குப் போறாங்க. அவ எங்க போறா?"

விக்கி டிவியின் சத்தத்தைக் குறைத்தான்.

"ஊரே திட்டுது. சரின்னு விட்டுட்டேன். உன்கிட்டயாவது நெஜமா ஒரு வார்த்தை கிடைக்கும்னு பாத்தா, நீ புகழ்றே. அதுதான்டா எனக்கு ரொம்ப பேஜாரா இருக்கு."

"என்னக்கா பண்ணச் சொல்ற?" விக்கியின் குரல் உயர்ந்தது. "வருஷம் பூரா வேலைய முடிச்சினு வந்து, செருப்பு கழட்டக்கூட தெம்பில்லாம வாசப்படியில உக்காந்துடுவ. தினம் பாத்துனு இருந்தவன் நான். அத போய் நல்லா இல்லன்னு சொல்லுவனா?"

"சொல்லு."

"போரு."

சொல்லிவிட்டு அவன் அக்காவின் முகத்தைப் பார்த்தான். அவள் தலையாட்டினாள். "ஏன்?"

"மொத தடவ தண்ணியில எறங்கினப்ப எனக்கு காலு கூசிச்சுக்கா. சத்தியமா. ஆனா அடுத்த ஆள கூட்டினு வர்றதுக்கு திரும்ப அதே தெரு. அதுக்கடுத்த ஆளுக்கும் அதே தெரு. ஒரு கையில கன்ட்ரோலர் ஸ்டிக்க அழுத்தினு, இன்னொரு கையில ஃபோன் பாத்தேன்."

லாயிட்டால் சும்மா இருக்க முடியவில்லை. "டேய், நர்ஸு அந்தப் பெரியவர முதுகுல தூக்கினு போறப்ப ஓடினா என்னடா அர்த்தம்? கனம் தெரிய வேணாமா?"

"ஒரு தடவ தெரிஞ்சா போதும்."

"உனக்குப் போதும். நான் ஆடினப்ப அந்த பேக்கரி போர்டு மொதல்ல மேல இருந்துச்சு, கடைசி நடையில முழுகிப் போச்சு. தண்ணி ஏறினே கீதுன்னு எனக்கு அப்பதான் புரிஞ்சுது. வேகமா போயிருந்தா பாத்திருப்பனா?"

வீணா நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு நடைக்கும் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும்படி அவள்தான் அமைத்திருந்தாள். அவள் படித்தவரை எந்த விமர்சனத்திலும் அதைப் பற்றி ஒரு வரி இல்லை.

"அது புரியறதுக்கு முன்னாடியே நான் ஃபோனுக்கு போயிட்டேனே," என்றான் விக்கி. "அது என் தப்பா, கேமோட தப்பா?"

"உன் தப்புதான்!" என்றாள் வீணா. "கண்ண எடுத்தா எப்படித் தெரியும்?"

"கண்ண எடுக்க விடாம வெக்கிறதுதானே உன் வேல?"

அவளுக்குச் சுரீர் என்றது. பதிலுக்குக் கத்தினாள். அவனும் கத்தினான். நடுவில் லாயிட் வேறொரு பழைய கேமை உதாரணத்துக்கு இழுக்க, அது மகா மட்டம் என்று அக்காவும் தம்பியும் ஒன்றுசேர்ந்து அவன்மேல் பாய்ந்தார்கள். உள்ளே படுத்திருந்த அம்மா வள்ளியம்மா, "என்னாத்துக்கு இப்படி சண்டை போடுறீங்க?" என்று கேட்டாள்.

"சண்டை இல்லம்மா, பேசினு கீறோம்," என்றான் விக்கி.

அந்த வாரத்தில் வீணா குரலை உயர்த்திப் பேசியது அப்போதுதான். ஓய்ந்தபோது தொண்டை கட்டியிருந்தது. நெஞ்சில் கிடந்த ஏதோ ஒன்று லேசாக இடம் மாறியதுபோல் இருந்தது. தம்பி சொன்னது சரி என்று அவளுக்குப் புரிந்தது. லாயிட் சொன்னதும் சரிதான். மெதுவாக நடப்பது உறுத்தவில்லை, அதே தெருவில் திரும்பத் திரும்ப நடப்பதுதான் உறுத்தியது.

திங்கட்கிழமை அவள் வெளிநாட்டுக்காரர்களிடம் கேட்டாள். வேகம் அப்படியே இருக்கட்டும், கடைசி நடைக்கு மட்டும் மொட்டை மாடிகள் வழியாக ஒரு வேறு பாதை திறக்கலாம், மேலிருந்து பார்த்தால் மூழ்கிய தெரு முழுதாகத் தெரியும் என்றாள். பாலகுமார் இணையச் சண்டைகளை விட்டுவிட்டு உட்கார்ந்து அதைச் செய்தே காட்டினார். நன்றாகத்தான் வந்தது. வெளிநாட்டுக்காரர்களும் பார்த்துவிட்டு நல்ல யோசனை என்றார்கள். ஆனால் நேரம் இல்லை, வேகத்தை மட்டும் கூட்டுங்கள் என்று முடித்துவிட்டார்கள்.

வீணா வாதாடவில்லை. நடை வேகத்துக்கான எண்ணைத் தானே மாற்றினாள். ஒரு டீ குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை.

"நீங்க சண்டை போட்டிருக்கலாம்ங்க," என்றார் பாலகுமார்.

"போட்டா ஜெயிச்சிருப்போமா?"

அவர் யோசித்தார். "இல்லைங்க."

"அப்புறம்?"

அப்டேட் வெளிவந்தது. ஒன்றிரண்டு விமர்சகர்கள் மூன்றாம் அத்தியாயம் இப்போது பரவாயில்லை என்று தங்கள் பழைய கட்டுரையின் அடியில் ஒரு வரி சேர்த்தார்கள். மதிப்பெண்ணை யாரும் மாற்றவில்லை. லாயிட் வந்து குறைப்பட்டுக்கொண்டான்.

"யக்கா, ஏன்க்கா மாத்தினீங்க? அந்தப் பெரியவருக்கு வெயிட்டே இல்லாம போயிடுச்சு."

"தெரியும் லாயிட்," என்றாள்.

விக்கி இந்தத் தடவை நிஜமாகவே ஆடி முடித்தான். முதல் அத்தியாயம் சக்கத்து, மூன்றாவது சுமார், முடிவு இழுவை என்று சோறு பிசைந்துகொண்டே தீர்ப்புச் சொன்னான். முடிவைப் பற்றி வீணாவுக்கு வேறு அபிப்பிராயம் இருந்தது. நாளைக்குப் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுப் படுத்தாள்.

மறுநாள் ஆபீசுக்கு லீவு சொன்னாள். பகலெல்லாம் தூங்கினாள். வள்ளியம்மா எழுப்பிச் சாப்பாடு போட்டாள், சாப்பிட்டுவிட்டு மறுபடி தூங்கினாள். கடையிலிருந்து திரும்பிய விக்கி, கட்டிலோரமாக வந்து நின்றான்.

"முடிவப் பத்தி பேசலாம்னியே?"

"உக்காரு," என்றாள் வீணா, கண்ணைத் திறக்காமலே. "மொதல்ல இழுவைன்னா என்னான்னு சொல்லு."