பக்கத்து வயல்

சித்தப்பாவுக்கு வலது முழங்கால் மூட்டை மாற்றுவதாக இருந்தது. களமருதூரில் தன் வயலுக்குள் இறங்கினால், வரப்பேற அவருக்கு ஆள் வேண்டும். ஆனால் எலும்பு மருத்துவர், முதலில் வாயைச் சரிசெய்துகொண்டு வரச் சொல்லிவிட்டார். ஈறில் ரத்தமும் சீழும்.

"முட்டிக்கும் பல்லுக்கும் இன்னாங்க சம்பந்தம்?" என்று கள்ளக்குறிச்சிப் பல் மருத்துவரிடம் கேட்டார். கூடவே, கரியாலூர் கடுக்காய்ப் பொடியில்தான் தினமும் பல் விளக்குவதாகவும் தெரிவித்தார்.

மருத்துவர் பொறுமையான பெண். பொடி மேலேதான் தேய்க்கும், பாக்டீரியா ஈறுக்கு அடியில் இருக்கிறது, அது ரத்தத்தில் கலந்து புது மூட்டில் போய் உட்கார்ந்தால் மூட்டையே கழற்ற வேண்டிவரலாம் என்றார்.

சித்தப்பா நிமிர்ந்தார். "குருத்துப்பூச்சி! தண்டுக்குள்ள பூந்துகினு இருக்கும். மேல தூவுனா சாவாது. ஒருத்தர் வாயிலேர்ந்து இன்னொருத்தருக்குத் தாவுங்களா?"

"ஒரே வீட்டுல இருந்தா போகலாம். ஆனா..."

அந்த 'ஆனா'வுக்குப் பிறகு மருத்துவர் சொன்ன எதையும் அவர் கேட்கவில்லை. எங்கள் பக்கம் மருந்து அடிப்பவர்கள் பக்கத்து வயல்காரரிடமும் சொல்லி, சேர்ந்தே அடிப்பார்கள். இல்லாவிட்டால் அங்கே ஒதுங்கிய பூச்சி திரும்பி வந்துவிடும். சித்தப்பா, கதவோரம் நின்ற சித்தியைக் கைகாட்டினார்.

"அவளுக்கும் பாருங்க. பக்கத்து வயல்ல வுட்டுட்டு என் வயல்ல மட்டும் அடிச்சி இன்னா புரோஜனம்?"

"யோவ், யாருய்யா பக்கத்து வயலு?" என்றார் சித்தி. "வெத்தலய மென்னுகினு வாய நாறடிச்சது நீ. நான் இன்னும் கரும்பக் கடிச்சித் துன்றேன்."

"அவ ஒக்காந்தாத்தான் நான் ஒக்காருவேன்."

மூட்டு மாற்ற ஏற்கெனவே தேதி பேசியாகிவிட்டது; இவர் அடம்பிடித்தால் அது தள்ளிப்போகும். சித்தி முந்தானையைச் செருகிக்கொண்டு, நிரபராதியின் வேகத்தில் நாற்காலியில் ஏறினார். மருத்துவர் பார்த்தார். விளக்கை நகர்த்தி மறுபடி பார்த்தார்.

"உங்களுக்குத்தாம்மா ஜாஸ்தி."

சித்தப்பா சிரித்த சிரிப்பில் அவருடைய புண்பட்ட ஈறு முழுவதும் தெரிந்தது.

இருவருக்கும் சில தடவை சுத்தம் செய்தார்கள். எலும்பு மருத்துவர் சம்மதித்தார், மூட்டும் மாறியது. எழுந்து நாலடி நடக்கச் சொன்னதும், சித்தப்பா வாக்கரைத் தள்ளிக்கொண்டு நேராக வார்டின் வாஷ்பேசினுக்குப் போனார். அங்கே சித்தி பல் விளக்கிக்கொண்டிருந்தார்.

"உள்பக்கம் வுட்டுட்ட பாரு."

சித்தி நுரையைத் துப்பினார். "போய்ப் படுய்யா. நடக்க வுட்டதும் வரப்பு சுத்த வந்துட்டாரு."