சீமெந்தில் புதைத்த டிராக்டர்

அந்த டிராக்டரின் இரும்பு இருக்கையில் எப்போதும் ஓர் அரிசிச் சாக்கு நாலாக மடித்துக் கிடக்கும். சித்தப்பா ஏறும்போது அதை ஒருமுறை உதறிப் போடுவார். இறங்கும்போது பனியில் நனையாமல் மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போவார். பிளாக்டவுன் தாண்டி மேற்கே ஐந்து ஏக்கர் தோட்டம். வெண்டி, கத்தரி, பயற்றங்காய். சனிக்கிழமை காலையில் எங்கள் ஆட்களின் கடைகளில் நீங்கள் முறித்துப் பார்த்து அள்ளிக்கொண்டு போன வெண்டிக்காய் அவர் வளர்த்ததாகக்கூட இருக்கலாம்.

என்னைவிட வயது கூடிய டிராக்டர் அது. பக்கத்தில் நின்றால் என் தோளளவுதான் வரும். ஆனால் இரண்டு வரிசைக்கு நடுவே ஒரு செடியிலும் முட்டாமல் போய்வரும். மழை விட்ட இரண்டாம் நாளே ஈர மண்ணில் இறங்கும், பாரமில்லாததால் புதையாது. பழுதானால் ஒரு ஸ்பனரும் கம்பித்துண்டும் போதும். முழங்கால் இரண்டும் தேய்ந்த எழுபது வயது மனிதர் தனியாக ஒரு தோட்டத்தை நடத்தினார் என்றால் அதனால்தான். இது எங்கள் குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் செய்தோம். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

கண் ஆப்பரேஷனுக்காக அவர் நார்த்மீட்டில் என் வீட்டில் மூன்று கிழமை நின்றார். அந்த நேரம் பார்த்து அவருடைய மகனுக்கு ஒரு யோசனை. தைப்பொங்கலுக்கு எங்கள் சனமெல்லாம் தோட்டத்துக்கு வருமே, அப்பாவுக்கு ஒரு மரியாதை செய்வோம், டிராக்டருக்கும் ஓய்வு கொடுப்போம் என்றான். பெரிய புது டிராக்டர் ஒன்று வாங்கினான். பழையதின் எண்ணெயை வடித்து, சிவப்புப் பெயின்ற் அடித்து, தோட்டத்து வீட்டு வாசலில் நிறுத்தி நான்கு சில்லையும் சீமெந்தில் புதைத்தான். சாக்கைக் குப்பையில் போட்டான். நான் என்ன செய்தேன்? "நல்ல ஐடியாடா தம்பி" என்றேன். சந்தனம் குழைத்துப் பொட்டு வைத்ததே நான்தான். உழைக்கிறவரைக் கும்பிட்டு ஓரமாக இருத்திவிடுவதில் எங்களை மிஞ்ச ஆளில்லை, சீ!

பொங்கலன்று அவரைக் கூட்டிவந்து காட்டினோம். எல்லோரும் கைதட்டினார்கள். அவர் டிராக்டரை ஒருமுறை சுற்றி வந்து, குனிந்து, சீமெந்தை விரலால் தட்டிப் பார்த்தார். "இனி இதை எப்பிடி வெளியில எடுக்கிறது?" என்று கேட்டார். பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்தோம்.

அடுத்த மாதம் மழை விடாமல் பெய்தது. புல் வெண்டியை மூடி வளர்ந்தது. புது டிராக்டரோ வரிசைக்குள் நுழையவே முடியாத அகலம். ஓரத்தில் இறக்கியதும் அச்சுவரை புதைந்து நின்றது. மகன் வேலைக்குப் போய்விட்டான். மனிதர் மண்வெட்டியோடு தனியாக இறங்கினார். நான்காம் நாள் கத்தரி வரிசையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்தது. அதோடு தோட்டம் முடிந்தது. வீட்டையும் வாசலையும் வைத்துக்கொண்டு நிலத்தைக் குத்தகைக்கு விட்டார்கள். இப்போது அங்கே யாரோ ஒருவரின் குதிரைகள் மேய்கின்றன.

இந்தப் பொங்கலுக்கும் சனம் வந்தது. சித்தப்பா குசினியில் தேடி ஓர் அரிசிச் சாக்கை எடுத்துவந்து, உதறி, நாலாக மடித்து அந்த இருக்கையில் போட்டார். ஊன்றுகோலை என்னிடம் தந்துவிட்டு, என் தோளைப் பிடித்து ஏறி உட்கார்ந்தார். இரண்டு கையும் ஸ்டியரிங்கில். ஐந்து நிமிடம் இருக்காது, ஓர் இளம் தகப்பன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"அங்கிள், கொஞ்சம் இறங்குவீங்களோ? பிள்ளையை இருத்தி ஒரு படம் எடுக்கவேணும்."

வாயில் வந்ததையெல்லாம் சொல்லிவிடுவது என்று திரும்பினேன். அதற்குள் சித்தப்பா, "ஓம் ஓம், இறங்குறன் தம்பி" என்றார். சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, மெல்ல இறங்கினார்.