வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் கீழாநெல்லி

மச்சானின் பித்தக் குழாயில் புழு இருப்பது ஸ்கேனில் தெரிந்தது. அக்காவின் கணவர், பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றுச் சுந்தரபாண்டியத்தில் விவசாயம் பார்க்கிறார். கண் மஞ்சளாகி, குளிர் காய்ச்சலோடு ராஜபாளையத்தில் ஒரு மருத்துவமனையில் சேர்த்திருந்தோம். குடலில் இருந்த புழு பித்தக் குழாய்க்குள் ஏறி அடைத்திருந்தது. வாய் வழியாக எண்டோஸ்கோப்பி குழாயை விட்டு எடுக்க வேண்டும். தள்ளிப்போட்டால் கிருமி ரத்தத்தில் கலந்துவிடும் என்றார்கள். அதைச் செய்யும் மருத்துவர் மதுரையிலிருந்து வருவார். காலையில் இங்கே, மதியம் ஸ்ரீவில்லிபுத்தூரில்.

தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது, வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்று முந்தின நாளே நர்ஸ் அக்காவிடம் சொன்னார். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

காலையில் மயக்க மருந்து டாக்டர் மச்சானிடம் கேட்டார். "ஏதாவது சாப்பிட்டீங்களா?"

"இல்ல சார். கீழாநெல்லி மட்டும். ஆட்டுப்பால்ல அரச்சது."

நான் அக்காவைப் பார்த்தேன்.

"அது மருந்துல்லா?" என்றாள். "வெறும் வயித்துல குடுத்தாத்தான் கேக்கும்னு செட்டியார்பட்டி வைத்தியர் சொன்னாரு. அதான் விடியுமுன்ன குடுத்தேன்."

"பாலு வயித்துக்குள்ளதானக்கா போகும்?"

"பத்திரிகைக்காரன் மாதிரி என்னைக் கேள்வி கேக்காதலே."

வயிற்றில் பால் இருக்கும்போது மயக்கம் கொடுத்தால் அது நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம். மதுரை மருத்துவர் காத்திருக்கவில்லை, ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கிளம்பிவிட்டார். அங்கே இதற்கான கருவி இல்லை. இனி நாளை மறுநாள் வருவார்.

சாயங்காலம் காய்ச்சல் கட்டிலை ஆட்டியது. "மாப்ள, லடாக்ல கூட எனக்கு இம்புட்டுக் குளிரல" என்றார் மச்சான். மறுநாளும் அப்படியே போனது. மூன்றாம் நாள் விடியுமுன் அக்கா கொண்டுவந்த கீழாநெல்லி பிளாஸ்க்கைப் பிடுங்கி என் பைக்குள் வைத்துக்கொண்டேன்.

இரண்டாவது முறை வேலை சீக்கிரம் முடிந்தது. பிறகு மருத்துவர் திரையில் காட்டினார். இளஞ்சிவப்புச் சதையில் சிறு துவாரம். அதிலிருந்து பாதி வெளியே நீட்டியபடி வெள்ளைப் புழு. இடுக்கியால் கவ்வி இழுத்திருந்தார்கள். ஒரு சாண் இருக்கும்.

காய்ச்சல் இறங்கியது. பார்க்க வந்தவர்களிடம் அக்கா சொன்னாள். "கீழாநெல்லி கசப்பு தாங்காம பாதி வெளிய வந்துட்டு. டாக்டர் சும்மா பிடிச்சு இழுத்தாரு, அம்புட்டுதான்."

பாதி வெளியே இருந்தது என்று அவளுக்குச் சொன்னதே நான்தான்.

அடுத்த வாரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். குடும்பத்தில் எல்லோரும் போட வேண்டும் என்று டாக்டர் எழுதிய பூச்சி மாத்திரை, பிரிட்ஜ் மேல் பிரிக்கப்படாமல் இருந்தது. அக்கா ஒரு டம்ளர் கீழாநெல்லியோடு வந்தாள். மச்சான் என்னைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார், வாங்கிக் குடித்தார்.