நாலு மாதத்தில் இருபது இறாத்தல்

எங்கள் மூத்த மகனுக்கு நாலு மாதம் ஆனபோது அவனுடைய நிறை இருபது இறாத்தல். தராசின் முள்ளைப் பார்த்த அப்போதிக்கரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு திரும்பவும் பார்த்தார். பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் அந்த நாளில் ஈர்க்குச்சி மாதிரி இருப்பேன்.

"தாய்ப்பால் மட்டுமோ குடுக்கிறீர், தங்கச்சி?"

"ஓம் ஐயா."

"ரின்னிலை அடைச்ச பால், கஞ்சித் தண்ணி ஒண்டும் இல்லையோ?"

"சத்தியமாய் இல்லை ஐயா."

அவர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அரசாங்க உத்தியோகத்திலிருந்து இளைப்பாறி வந்து, கரவெட்டியில் எங்கள் சந்தியில் மருந்துச்சாலை வைத்திருந்தவர். ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளில் எங்கள் பக்கத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். "இது நடக்கப் பழகிற பிள்ளையின்ரை நிறை. இப்பிடியே கொழுத்தால் நெஞ்சு தாங்காது. கவனம்" என்றார். இருபது இறாத்தலோடு மகன் மேசையில் கிடந்து அவருடைய பேனாவைப் பிடிக்கக் கையை வீசினான்.

என்னைவிட என் மனுசன்தான் இடிந்துபோனார். புகையிலைத் தோட்டம் செய்கிறவர், எதற்கும் கலங்காத ஆள். ஆனால் அவருடைய தம்பி ஒருவர் இரண்டு வயதில் உடம்பெல்லாம் நீர் ஊதி இறந்தவராம். கொழுப்பும் வீக்கமும் அவருக்கு ஒன்றாகவே தெரிந்தன. மறுநாளிலிருந்து காலையில் முகம் கழுவுமுன்னே பிள்ளையின் காலைப் பிடித்துப் பெருவிரலால் அழுத்திப் பார்ப்பார். பள்ளம் விழுந்து நிற்கிறதா என்று பார்க்கிறாராம். பிள்ளை கூச்சம் தாங்காமல் சிரிப்பான். இவர் சிரிக்கமாட்டார்.

பிறகு என் சாப்பாட்டில் கை வைத்தார். பிள்ளை பெற்ற நாளிலிருந்து பருத்தித்துறைச் சந்தையில் பால்சுறா வாங்கி வந்து, வறை வறுத்துத் தின் தின் என்று என்னைத் தின்னவைத்தவர் அவரேதான். பால் ஊறுமென்று எங்கள் ஊரில் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுப்பது அது. ஒரே நாளில் அது நின்றது. முருங்கையிலையும் நின்றது. தாயைக் காயவிட்டால் பிள்ளை மெலியும் என்று இரண்டு பேரும் நம்பினோம். வெறும் சோறும் ரசமும் தின்றுகொண்டு, சுறா வறையை நினைத்து நினைத்து எச்சில் விழுங்கினேன். இன்று நினைத்தால் எங்கள் இரண்டு பேரின் மண்டையிலும் குட்டவேண்டும் போலிருக்கிறது.

அப்போதிக்கரி சொன்ன அடுத்த கட்டளை, நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறைதான் பால். எங்கள் வீட்டில் மணிக்கூடு ஏது? பிள்ளையார் கோயில் மணிதான் எங்களுக்கு மணிக்கூடு. காலைப் பூசை மணி கேட்டால் ஒரு தரம், மத்தியானப் பூசைக்கு ஒரு தரம், சாயரட்சைக்கு ஒரு தரம் என்று நாங்களே ஒரு ஒழுங்கு செய்துகொண்டோம். ஐயர் குளித்துவரப் பிந்தினால் என் பிள்ளைக்கும் பிந்தும். அவன் கத்துவான். என் சட்டை நனையும். நான் பல்லைக் கடித்துக்கொண்டு கோயில் பக்கம் காதை வைத்திருப்பேன். பிள்ளையார் மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அந்த நாட்களில் எனக்குத் துணையாக இருந்தவள் அக்கா. என்னைவிட இரண்டு வயது மூத்தவள். அம்மாவின் வளவை இரண்டாகப் பிரித்துத்தான் எங்களுக்குச் சீதனம் தந்தார்கள். நடுவில் கிடுகுவேலி, போய்வர வேலியில் ஒரு பொட்டு. அத்தான் தெற்கே காலிப் பட்டினத்தில் சுருட்டுக்கடை வைத்திருந்தார். அக்காவுக்கும் எனக்கும் பத்து நாள் வித்தியாசத்தில் பிள்ளை பிறந்தது. அவளுடையது பெண். இருபத்தோராம் நாள் காய்ச்சல் கண்டு போய்விட்டது. அக்கா அழவில்லை. அத்தான் வந்து சில நாள் இருந்துவிட்டுக் கடைக்குத் திரும்பினார். என் பிள்ளைக்கு முப்பத்தோராம் நாள் துடக்குக் கழிந்ததும் அவள் பொட்டால் வந்து அவனைத் தூக்கினாள். குளிக்க வார்த்தாள், ஏணையில் போட்டு ஆட்டினாள். தேறிவிட்டாள் என்று எல்லோருக்கும் நிம்மதி. அவளுக்கு முன்னால் செத்த பிள்ளையின் கதையை ஒருவரும் எடுப்பதில்லை.

மத்தியானம் நான் தோட்டத்துக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போது பிள்ளை அக்காவிடம்தான் இருப்பான். போய் வர ஒன்றரை மணித்தியாலம் ஆகும். பின்னேரம் கிணற்றடியில் துணி தோய்க்கும்போதும் அவளிடம்தான்.

இரண்டு கிழமை கழித்துத் திரும்ப நிறுத்தோம். முள் இருபத்திரண்டில் போய் நின்றது.

அப்போதிக்கரி என்னைப் பார்க்காமல் என் மனுசனைப் பார்த்துச் சொன்னார்: "மனுசி சொல்வழி கேக்கேல்லை." எங்களிடம் காசும் வாங்கவில்லை. அது என்னை அடித்தது மாதிரி இருந்தது.

வண்டியில் வரும்போது இவர் மாட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"களவாய்க் குடுக்கிறீரோ?"

"இல்லை."

"என்ரை தலையிலை அடிச்சுச் சொல்லும்."

அடித்துச் சொன்னேன். அவர் மாட்டை அதட்டி ஓட்டினார். கலியாணம் முடித்து மூன்று வருடம், ஒரு நாளும் நான் அவருக்குப் பொய் சொன்னதில்லை. வீடு வரும்வரை அழுதுகொண்டே வந்தேன்.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டுக் கடகத்தைத் தலையில் வைத்துக்கொண்டு பாதி வழி போனபிறகுதான் மோர்ச் செம்பை விட்டுவிட்டு வந்தது நினைவுக்கு வந்தது. வெயிலைத் திட்டிக்கொண்டு திரும்பினேன். விறாந்தையில் கடகத்தை இறக்கிவைத்தேன்; ஏணை வெறுமனே தொங்கியது. அக்காவைக் கூப்பிட்டேன், பதில் இல்லை. பொட்டால் நுழைந்து அவளுடைய குசினிப் பக்கம் போனேன்.

அக்கா அடுப்படிப் பலகையில் குந்தி இருந்தாள். என் மகன் அவள் மடியில் கிடந்து பால் குடித்துக்கொண்டிருந்தான். ஒரு கையால் அவளுடைய தாலிக்கொடியைப் பிடித்திருந்தான். மற்ற மார்பிலிருந்து பால் தானாக ஒழுகி அவள் சேலையில் விழுந்தது.

நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். என்னைக் கண்டும் அவள் பிள்ளையை எடுக்கவில்லை. இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.

"எத்தினை நாளாய்?" என்று கேட்டேன்.

"அவனுக்கு முப்பத்தொண்டு கழிஞ்ச கையோடை."

"பால் வத்தவெண்டு மல்லிகைப்பூ வைச்சுக் கட்டினதெல்லே. உனக்குப் பால் வத்திப்போச்சு எண்டெல்லோ நினைச்சம்."

"நீங்கள் நினைச்சியள்" என்றாள் அக்கா. "எனக்கு வத்தேல்லை. இவன் ஏணையிலை கிடந்து கத்தக் கத்த எனக்கு ஒழுகிச்சுது. நான் என்ன செய்ய?"

"கள்ளி! என்னைக் கள்ளியாக்கிப் போட்டியே!"

பிள்ளையைப் பறித்துவிட்டேன். அவன் வீரிட்டான். வாயில் அவளுடைய பால் வழிந்தபடி அவன் அவள் பக்கமே திரும்பிக் கத்தினான். அவனைத் தோளில் போட்டுக்கொண்டு, கடகத்தைத் திரும்பத் தலையில் ஏற்றித் தோட்டம் வரை நடந்தேன். மோர்ச் செம்பு வீட்டிலேயே இருந்தது.

எல்லாவற்றையும் கொட்டிவிடத்தான் போனேன். நான் பொய்காரி இல்லை என்று அவர் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும். ஆனால் வரம்பில் நின்ற மனுசன் என்னைக் கண்டதும் முதலில் பிள்ளையின் காலைப் பிடித்துப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிள்ளையைச் சாகக் கொடுத்தவளின் பாலைத்தான் மூன்று மாதத்துக்கு மேலாக இவன் குடிக்கிறான் என்று தெரிந்தால் இந்த மனுசன் அன்றைக்கே வேலிப் பொட்டை அடைப்பார். அக்காவின் நிழலும் பிள்ளையில் படவிடமாட்டார். ஊரும் அவர் பக்கம்தான் நிற்கும்.

"இஞ்சாருங்கோ, நான்தான் களவாய்க் குடுத்தனான்" என்றேன்.

அவர் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். "என்ரை தலையிலை அடிச்செல்லோ சொன்னனீர்?"

"ஓம். பொய்தான் சொன்னனான்."

"பிள்ளையைச் சாகக் குடுக்கவோ பாக்கிறீர்?" என்று கேட்டுவிட்டு அப்படியே வரம்பில் குந்திவிட்டார். சோற்றைத் தொடவில்லை. உண்மை சொன்னபோது நம்பாத மனுசன் பொய்யை உடனே நம்பினார். எனக்கு அதுதான் பெரிய அதிர்ச்சி. நாலு நாள் என்னோடு கதைக்கவில்லை. பிறகு மகன் தவழத் தொடங்கி, கொழுப்பு தானாகக் கரைந்து, ஓடியாடித் திரிந்தபோதுகூட, "உம்மை நம்பேலாது" என்று ஒரு சொல் அவர் வாயில் இருந்துகொண்டே இருந்தது. அவர் சாகும்வரை நான் அதைத் திருத்தவில்லை.

அடுத்த நாள் மத்தியானம் அக்கா வரவில்லை. நான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனேன். அவள் குசினியில் அதே பலகையில் வெறுங்கையோடு இருந்தாள். கண் வீங்கவில்லை, முகம் வாடவில்லை. வழமைபோலவே இருந்தாள்.

"இந்தா அக்கா, பிடி" என்றேன். "குடு. ஆனா எனக்குச் சொல்லிப்போட்டுக் குடு. நான் என்ரை பங்கைக் குறைக்கிறன்."

அவள் கையை நீட்டி வாங்கிக்கொண்டாள். நான் பக்கத்தில் நிலத்தில் இருந்தேன். அவன் என்னிடம் குடிக்கும்போது உதைப்பான், கிள்ளுவான், விட்டுவிட்டுச் சுற்றிப் பார்ப்பான். அவளிடம் கண்ணை மூடிக்கொண்டு அமைதியாகக் குடித்தான். எனக்குப் பொறாமையாக இருந்தது. மறைக்க என்ன இருக்கிறது, நெஞ்சு எரிந்தது. இருந்தும் எழும்பிப் போகாமல் இருந்தேன்.

"அப்போதிக்கரியற்றை தராசிலை இவன் இப்ப எவ்வளவு?" என்று அக்கா கேட்டாள்.

"இருபத்திரண்டு இறாத்தல்."

அவள் அவனுடைய தொடையை மெல்லத் தடவினாள். குரல் கொஞ்சமும் மாறவில்லை.

"அவள் இருந்திருந்தால் இப்ப எத்தினை இறாத்தல் இருந்திருப்பாள்?"

இரண்டு கிழமையாக ஒரு பிள்ளையின் நிறையைப் பற்றியே வீட்டில் கதைத்துக்கொண்டிருந்தோம். அக்கா ஒவ்வொரு நாளும் அதைக் கேட்டுக்கொண்டு எங்களோடுதான் இருந்தாள். அவள் பிள்ளையை மற்றப் பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டு, என் பதிலுக்காகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.