ஒரு சென்டி கொசுறு

எடுத்துக் கெட்டவர்களை ஊரில் நிறையப் பார்த்திருக்கிறேன். கொடுத்துக் கெட்டவர் எங்கள் ஷாதுலி அண்ணன் ஒருவர்தான். தான் கெட்டதோடு விட்டாரா, எங்களையும் சேர்த்துக் கெடுத்தார். என் நாத்தனார் மன்னூபியாவின் புருஷன், எனக்கு அண்ணன் முறை. அவரைத் திட்ட எனக்கு உரிமை உண்டு. திட்டி முடித்ததும் அழுகை வருகிறதே, அதற்கு என்ன செய்ய?

அவருடைய வாப்பா எங்கள் கேபெஸ் ஊர்ச் சந்தையில் ஆலிவ் எண்ணெய் விற்றவர். படி நிறைந்த பிறகும் வாங்குபவரின் புட்டியில் இன்னொரு கரண்டி ஊற்றுவார். "அளவோட நிறுத்துறவன் வீட்ல அல்லாஹ்வோட பரக்கத் தங்காது" என்பது அந்த வீட்டுப் பாடம். அதைக் கேட்டு வளர்ந்த பிள்ளைக்கு அல்லாஹ் என்ன வேலை கொடுத்தான் தெரியுமா? மீன் அளக்கிற வேலை.

துறையில் ஒரு தகரக் கொட்டகை. உள்ளே ஒரு மேசை, அதன் மேல் ஒரு பலகை. பலகையின் ஒரு முனையில் கட்டை அடித்திருக்கும், நீளத்துக்குச் சென்டிக் கோடு போட்டிருக்கும். மீனின் மூக்கைக் கட்டையில் முட்டவைத்து, வால் எந்தக் கோட்டில் முடிகிறதோ அதைப் புத்தகத்தில் எழுத வேண்டும். எங்கள் பக்கம் அதிகம் கிடைப்பது ஸ்பாரஸ் என்ற சப்பை மீன். பன்னிரண்டு சென்டிக்குக் குறைந்த ஸ்பாரஸ் இருந்தால் அதிகாரிகள் பெட்டியோடு பறித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

என் புருஷன் நூரிக்கு ஒரு சின்னப் படகு, கையால் இழுக்கிற வலை. நல்லபடியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் சுரண்டிகள் வந்தார்கள். கடலடியில் இரும்பைப் போட்டு இழுத்து, புல், முட்டை, குஞ்சு என்று ஒன்று விடாமல் வழித்தெடுக்கிற படகுக்காரர்களை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். அவர்கள் வந்த நாலாம் வருஷமே மீன் சிறுத்துவிட்டது.

ஒரு தை மாசக் குளிர்க் காற்றில் இரண்டு நாள் கடலில் கிடந்து நூரி ஒரு பெட்டி மீனோடு வந்தார். விரலெல்லாம் வெடித்து ரத்தம். மீன் பதினொன்றைத் தாண்டவில்லை. ஷாதுலி அண்ணன் அந்தக் கையைப் பார்த்தார், மீனைப் பார்த்தார். மூக்கைக் கட்டையில் முட்டவைக்காமல் கொஞ்சம் இடம் விட்டார், வாலைக் கிள்ளி நீட்டினார். "பன்னிரண்டு!" என்று கொட்டகை அதிரச் சொன்னார்.

"மச்சான், உன் பலகைல படுத்தா நானும் வளருவேன் போலிருக்கே!" என்றார் நூரி.

"வந்து படு. உன் மூளைய அளக்கணும்னாதான் வேற பலகை செய்யணும், இதுல கோடு ரொம்பப் பெருசு."

துறையே சிரித்தது. நானும்தான் வயிறு வலிக்கச் சிரித்தேன். இன்றைக்கு யோக்கியம் பேசுகிறேனே, அந்த மீனைப் பொரித்துத் தின்றவளும் நான்தான்.

அன்றிலிருந்து நம்மவர் பெட்டி என்றால் ஒரு சென்டி கொசுறு. கஷ்டத்தில் இருப்பவருக்கு ஒன்றரை. சுரண்டிகளின் பெட்டிக்கு மட்டும் கொசுறு கிடையாது, சில நாள் கோபத்தில் அரை சென்டி குறைத்தும் எழுதினார். இப்படிப் பதினோரு வருஷம். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். இவர் கடலிலிருந்து எடுத்ததை மனசால் அளந்துகொண்டிருந்தார்.

அதில் கடைசி நாலு வருஷம் டாக்டர் ஷீராஸும் இருந்தாள். மருந்து கொடுக்கிற டாக்டர் இல்லை, கடலைப் படித்தவள். ஷாதுலி அண்ணன் அளந்த மீனிலிருந்து பருப்பளவு சதை வெட்டி, சின்னக் குப்பியில் போட்டு, மேலே நீளத்தை எழுதி ஐஸ் பெட்டியில் வைப்பார். அவள் மாசா மாசம் வந்து, அண்ணன் முறை வைத்து அவரைக் "காக்கா" என்று கூப்பிட்டு, எடுத்துப் போவாள். எதற்கம்மா இது என்று ஒருநாள் நான் கேட்டேன். என் பக்கத்தில் வலை மேல் உட்கார்ந்து சொன்னாள்.

"ஒவ்வொரு உடம்புக்குள்ளயும் மரபணு இருக்குல்ல அக்கா, அது எல்லாம் எப்பவும் வேலை செய்யாது. சிலது தூங்கும், சிலது முழிக்கும். கடல்ல உள்ளதையெல்லாம் பொடிசுலேர்ந்து பெருசு வரைக்கும் வரிசையா வெச்சா, அந்த வேலையும் படிக்கட்டு மாதிரி வரிசையா மாறும். சின்னது பரபரன்னு செய்யும், பெருசு நிதானமா செய்யும். முட்டை போடச் சொல்ற மரபணு, உடம்பு ஒரு அளவுக்கு வளர்ந்த பிறகுதான் முழிக்கணும். ஆனா கடலைச் சுரண்டிக்கிட்டே இருந்தா, வளர்றதுக்குள்ள செத்துருவோம்னு பொடி உடம்புலயே அது முழிச்சிடும்."

"பால்குடி மறக்காத புள்ளைக்குக் கல்யாணமா?"

"அதேதான் அக்கா. அதை நான் காட்டிட்டா, இந்த வளைகுடாவுக்குள்ள சுரண்டி நுழையவே கூடாதுன்னு தடை வாங்கிடலாம்."

நாலு வருஷம் நாங்கள் அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு உயிர் வாழ்ந்தோம். தடை வந்தால் நூரி படகை வைத்திருப்பார், வராவிட்டால் அவ்வளவுதான். எங்கள் வீட்டில் எல்லாரும் துஆவில் கேட்டது அதைத்தான்.

அதிகாரிகள் முன்னால் தடையைப் பற்றிய விசாரணைக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அவள் கண் வீங்கி வந்தாள். கொட்டகையில் கம்ப்யூட்டரைத் திறந்தாள். நான் வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்தேன்.

"ஷாதுலி காக்கா, எனக்குப் பைத்தியம் பிடிக்குது. மத்த வளைகுடால எல்லாம் படிக்கட்டு ஒழுங்கா வருது. இங்க மட்டும் தாறுமாறா கிடக்கு. உங்க புத்தகத்தை நம்பினா கடல் நல்லா இருக்கு. மரபணுவை நம்பினா கடல் செத்துக்கிட்டு இருக்கு. ரெண்டும் ஒரே மீன்! மூணு தடவை மெஷினை மாத்திப் பாத்துட்டேன்."

அவர் பலகையைத் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த இடத்தையே திரும்பத் திரும்பத் துடைத்தார்.

அன்று மத்தியானம் எங்கள் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கொட்டினார். "வாயைத் தைச்சுக்கிட்டு இரு மச்சான்" என்றார் நூரி. நான்தான் பெரிய புத்திசாலி போலக் குறுக்கே பேசினேன். "சொல்லிடுங்க அண்ணே. ஒரு சென்டிதானே? எல்லாத்துலயும் ஒண்ணைக் கழிச்சுட்டாப் போச்சு." என் நாக்கில் தீயை வைக்க.

மறுநாள் கொட்டகையில் சொன்னார். நானும் கூடப் போயிருந்தேன். ஷீராஸ் கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை. நோட்டை எடுத்து, "சரி காக்கா, எந்தெந்த மீனுக்கு எவ்வளவு போட்டீங்க?" என்று கேட்டாள்.

"நம்ம ஆளுங்களுக்கு... ஒண்ணு. சில நாள் ஒண்ணரை. பன்னிரண்டே இருந்தா ஒண்ணும் போடலை. சுரண்டிங்களுக்குக் குறைச்சேன், அதுவும் எல்லா நாளும் இல்ல. எந்த மீனுக்கு எவ்வளவுன்னு எனக்கு எப்படிம்மா தெரியும்?"

அவள் பேனாவை மூடினாள். "எல்லா மீனுக்கும் ஒரே பொய் சொல்லியிருந்தா நான் திருத்திருப்பேன் காக்கா. நீங்க ஒவ்வொருத்தருக்கும் பாத்துப் பாத்துச் சொல்லியிருக்கீங்க."

அப்புறம் என்ன இருக்கிறது? மறைக்க அவளுக்கும் மனசு வரவில்லை, நேர்மையான பெண். பதினோரு வருஷப் புத்தகம், நாலு வருஷக் குப்பிகள், எல்லாம் குப்பைக்குப் போயின. விசாரணையில் சுரண்டிகளின் வக்கீல், "இவங்க அளவே சொல்லுது, மீன் வளர்ந்துதான் இருக்கு" என்று புத்தகத்தைத் தூக்கிக் காட்டினானாம். அளவு பொய் என்று அவள் ஒப்புக்கொண்டதும், அப்படியானால் குப்பி மேல் எழுதிய நீளமும் பொய்தானே என்றானாம். புதிதாக ஐந்து வருஷம் அளந்து வாருங்கள், அதுவரை தடை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

"அஞ்சு வருஷமா? அதுக்குள்ள அங்க உப்பு மட்டும்தான் மிஞ்சும்" என்றார் நூரி.

ஷாதுலி அண்ணனுக்கு வேலை போனது. ஷீராஸ் வேறு வளைகுடாவுக்கு மாற்றல் வாங்கிப் போய்விட்டாள். போகும்போது என்னைக் கட்டிக்கொண்டாள், அவரைப் பார்க்கவில்லை. மாரிக்காலம் முடியுமுன் நூரி தன் படகின் பின்னால் இரும்புச் சட்டமும் அடி வலையும் மாட்டினார். காறித் துப்பிய எச்சிலையே விழுங்குவது போல இருந்தது எனக்கு. "எல்லாரும் வழிக்கிறான், நான் மட்டும் வெறுங்கையோட வரணுமா?" என்று என்மேல் பாய்ந்தார்.  

போன வெள்ளிக்கிழமை, நூரி கொண்டுவந்த ஸ்பாரஸை நான் கழுவினேன். ஒவ்வொன்றும் என் நடுவிரல் நீளம்கூட இல்லை. வயிற்றைக் கீறினால் உள்ளே முட்டை, எல்லாவற்றிலும் முட்டை. ஷீராஸ் நாலு வருஷமாகக் காட்ட நினைத்தது என் சட்டியில் கிடந்தது. பார்க்க யாருமில்லை. குடலோடு சேர்த்து வழித்துப் பூனைக்குப் போட்டேன்.

மத்தியானம் மன்னூபியாவும் ஷாதுலி அண்ணனும் சாப்பிட வந்தார்கள். எல்லாருக்கும் குஸ்குஸ் ரவைச் சோறு வைத்து, மேலே மீன் குழம்பு ஊற்றினேன். அவருக்கு எப்போதும் ஒரு கரண்டி கூட ஊற்றுவேன். அவர் வீட்டு வழக்கம்தானே, இருபது வருஷமாகக் கை தானாகப் போகும்.

அவர் தட்டின் மேல் கையை விரித்து மூடினார்.

"போதும் தங்கச்சி. அளவோட நிறுத்து."

நூரி தலை நிமிரவில்லை. கரண்டியில் இருந்ததை நான் பானையிலேயே திரும்ப ஊற்றினேன்.